அவள் காதில் விழுந்த தண்ணீர்

காலையில் எழுந்ததும் வெறுங்காலோடு சமையலறையில் போய் நிற்பது என் பழக்கம். நான் டைல்ஸ் கடை மேலாளர். ஒரு தரை நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் கையால் தட்டுவார்கள், நான் நடந்தே சொல்லிவிடுவேன். அப்படி நின்ற ஒரு காலையில்தான் ஃபிரிட்ஜுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே இரண்டு டைல்கள் வெதுவெதுப்பாக இருந்தது உள்ளங்காலுக்குத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் சில்லென்று இருக்க, அந்த இரண்டு மட்டும் பூனை படுத்து எழுந்து போன இடம்போல் இருந்தன. சுகமாக இருந்தது. காபி குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, மேடம். தரைக்கடியில் தண்ணீர் கசிவதை முதலில் கண்டுபிடித்தது தன் தங்கைதான் என்று மச்சான் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது தவறு. முதலில் கண்டுபிடித்தது நான். என் மனைவியின் காதில் அது விழுவதற்குப் பல நாள் முன்பே என் காலுக்குத் தெரியும்.

நீங்கள் பிரசவ வார்டில் நடந்ததை விசாரிக்க வந்தவர். எங்கள் வீட்டுக் குழாயைப் பற்றி உங்களுக்கு என்ன வந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மச்சான் அதையும் இதையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். முடிச்சுப் போட்டபிறகு அரைகுறையாக விட்டால் நான் ஏதோ ராட்சசன் மாதிரித் தெரிவேன். ஆகவே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வீடு கட்டும்போது கூடவே நின்று வேலை வாங்கினவன் நான். குளியலறைப் பக்கம் இருக்கும் ஹீட்டரிலிருந்து சமையலறைக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோக இரண்டு வழி இருந்தது. சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போகலாம். அல்லது கான்கிரீட் போடுவதற்கு முன்பே மண்ணில் குழாயைப் பதித்து, மேலே தரையைப் போட்டு மூடிவிடலாம். இரண்டாவதுதான் நேர்வழி. பார்க்கவும் சுத்தமாக இருக்கும். நான் அதைத்தான் சொன்னேன்.

என் மனைவி மருத்துவமனைக்குப் போகிற வழியில் அன்று வந்திருந்தாள். வெள்ளைச் சீருடையில், செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தாள்.

"என்னங்க, சுவர் வழியாவே கொண்டு போகச் சொல்லுங்களேன். தரைக்கடியில புதைச்சுட்டா நாளைக்கு ஒண்ணுன்னா வீட்டையே இல்ல பேத்தெடுக்கணும்?"

"நீ ஊசி போடுற வேலையைப் பாரு" என்றேன். கொத்தனார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வார்டில் அவளுக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது சிஸ்டர். அது உங்களுக்கே தெரிந்திருக்கும். வயிற்றில் காதுக்குழாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளை எந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது என்பதுவரை சொல்லுவாளாம். மெஷின் கெட்டுப்போனாலும் கவலையில்லை, எங்களுக்கு சிஸ்டர் இருக்கிறார் என்று ஒரு பெரிய டாக்டர் என்னிடமே சொன்னார். அவர் பெருமையாகத்தான் சொன்னார். நானும் பெருமையாகத்தான் தலையாட்டினேன்.

ஆனால் அந்தக் காதோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்திப் பாருங்கள். கார் சக்கரத்தில் ஏதோ கரகரக்கிறது என்பாள், எனக்கு ஒன்றும் கேட்காது, பாதி வழியில் வண்டி நிற்கும். வெளியூரில் படிக்கும் மகள் போனில் ஒரு தடவை இருமினால் போதும், "இது தொண்டையில்ல, நெஞ்சு, நாளைக்கே டாக்டரைப் பாரு" என்பாள், அப்படியே இருக்கும். நான் வேலை முடிந்து வர ஏன் தாமதம் என்று ஒரு காரணம் சொல்ல வாயெடுத்தால், என் மூச்சை வைத்தே அது பொய் என்று தெரிந்துவிடும் அவளுக்கு. தெரிந்தும் ஒன்றும் கேட்கமாட்டாள். அதுதான் கஷ்டம், மேடம். சொல்லிக்காட்டுகிறவளாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சும்மா இருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சும்மாவுக்குள்தான் நான் குடியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னங்க, இங்க வாங்க. தரைக்கடியில தண்ணி ஓடுது."

"எங்க?"

"இங்கதான். உஸ்ஸுன்னு, மெல்லிசா. கேக்கலையா?"

அந்த இரண்டு வெதுவெதுப்பான டைல்களின் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

எனக்குக் கேட்கவில்லை என்பது உண்மைதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம்தான். இரண்டு டைலைப் பெயர்த்து, கான்கிரீட்டை உடைத்து, ஒரு இணைப்பை மாற்றினால் முடிந்தது. ஒருநாள் வேலை. அவள் வேலையாட்களுக்கு டீ போட்டுக் கொடுத்திருப்பாள். உடைந்த தரையைப் பார்த்திருப்பாள், என்னைப் பார்த்திருப்பாள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டாள். அந்தப் பார்வையை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. என் வீட்டில், என் தொழிலில், ஒரே ஒரு விஷயத்திலாவது நான் சரியாக இருக்கக்கூடாதா? இதைக் கேட்பதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவள் விடவில்லை. கசிவு பார்க்கிற ஆளை வரச் சொன்னாள். எங்கள் கடையில் அவருக்கு டொக்கு என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைக் கைத்தடியால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே போவார். தரையில் வைத்துக் கேட்கிற மைக்கும் ஹெட்போனும் வைத்திருப்பார். குழாய் இணைப்புகள் எல்லாம் எங்கள் கடையில்தான் வாங்குவார், என்னிடம் மரியாதை உண்டு.

அவர் வருவதற்குச் சற்று முன்னால் நான் பின்கட்டுக்குப் போனேன். துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால், சமையலறைக்குப் போகிற சுடுதண்ணீர்க் குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. அதைத் திருகி மூடினேன். ஹீட்டர் சுவிட்சையும் அணைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். வால்வை மூடினால் அந்தக் குழாயில் தண்ணீர் நிற்கும், கசிவும் நிற்கும். வீட்டைக் கெடுக்கிற வேலை எதையும் நான் செய்யவில்லை. பார்க்கப்போனால் அது கசிவைத் தடுக்கிற காரியம்.

டொக்கு வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். வாசலில் இருக்கிற மீட்டருக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். எங்காவது தண்ணீர் வெளியேறினால் அதன் சின்னச் சக்கரம் சுற்றும். சுற்றவில்லை. உள்ளே வந்து சமையலறைத் தரை முழுக்க மைக்கை வைத்து வைத்துக் கேட்டார்.

"சிங்க்ல சுடுதண்ணி வருதா சார்?"

"ஹீட்டர் ரிப்பேர். அணைச்சு வச்சிருக்கேன்."

"அப்போ ஒண்ணும் இல்லக்கா" என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "ஃபிரிட்ஜ் மோட்டார் சத்தம் சுவர்ல ஏறி இப்படிக் கேக்கும். நிறைய பேரு அதைத் தண்ணின்னு நினைச்சுக்குவாங்க."

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் கணிப்பு தவறிப்போன அவள் முகத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் தப்பான விடையைச் சொல்லிவிட்டு எழுந்து நிற்கிற சின்னப் பெண்ணைப்போல் இருந்தாள். எனக்கு அவள்மேல் அப்படியொரு பிரியம் வந்தது. தோளில் கைவைத்து, "போகட்டும் விடு, யாருக்கும் ஆவுறதுதான்" என்றேன். அன்று அவள் என் கையைத் தட்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் என் தோளில் சாய்ந்துகொண்டாள்கூட.

சாயங்காலம் வால்வைத் திறந்துவிட்டேன். சுடுதண்ணீர் இல்லாமல் பாத்திரம் கழுவ அவளுக்குச் சிரமம்.

மறுநாள் மறுபடி கேட்கிறது என்றாள். மச்சான் வந்து கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அவர் வருகிற அன்று வால்வை மூடினேன். அவர் தரையில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையேம்மா" என்றார். மகள் விடுமுறைக்கு வந்தாள். அவள் இருந்த நாள் பூராவும் வால்வு மூடித்தான் இருந்தது. ஹீட்டர் இன்னும் ரிப்பேர் ஆகவில்லையா என்று அவள் கேட்க, நான் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அவள் கிளம்பிப் போன அன்று திறந்தேன்.

என் மனைவி ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "ஆளுங்க வந்தா நின்னுடுது. போனதும் ஆரம்பிச்சுடுது."

"நீ என்ன சொல்றேன்னு உனக்கே கேக்குதா?" என்றேன். நான் அதட்டவில்லை. அக்கறையாகத்தான் கேட்டேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் நான் கடையிலிருந்து வந்தபோது, வார்டிலிருந்து கொண்டுவந்த ஸ்டெதஸ்கோப்பைச் சமையலறைத் தரையில் வைத்து, ஒருக்களித்துப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடியெல்லாம் தரையில் கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதிலிருந்து அதை மெதுவாகக் கழற்றி எடுத்தேன். பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். மறுநாள் வாசலில் என்னிடம், "உங்களை மாதிரிப் பொறுமையா பாத்துக்குற புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார். அப்படியெல்லாம் என்னை யாரும் அதற்கு முன்பு சொன்னதில்லை. மச்சான்கூட அந்த மாதங்களில் என்னை மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று தாங்கினார். மகள் தினமும் அவளுக்குப் பதிலாக என்னிடம் பேசினாள். "அப்பா, அம்மாவை விட்டுடாதீங்க" என்று அழுதாள். நான் ஏன் விடப்போகிறேன்?

மனநல டாக்டரிடம் அழைத்துப்போனது நான்தான். அது என் கடமை. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று அவர் கேட்டார். அவள் அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் சத்தமெல்லாம் கேட்டது என்றேன். அவள் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். ஆனால் டாக்டருக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டும் அல்லவா? என் மனைவி என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கா? எனக்குத் தெரியாதே" என்றாள். "உன்கிட்ட சொல்லி உன்னைப் பயமுறுத்த வேணாம்னு இருந்தோம்" என்றேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேளாவேளைக்கு நானே கையில் கொடுத்தேன்.

மாத்திரை அவளைச் சாதுவாக்கிவிட்டது. சத்தத்தைப் பற்றிய பேச்சு நின்றது. அதற்குப் பதில் என்னைக் கேட்க ஆரம்பித்தாள். "இப்ப பெல் அடிச்சுதாங்க?" "ஆமா." "குக்கர் விசில் வந்துச்சா, இல்ல எனக்கா?" "வந்துச்சு." எந்தச் சத்தமானாலும் என் முகத்தைப் பார்த்து, நான் தலையாட்டினால்தான் எழுந்து போவாள். நான் கடைக்குப் போய்விட்டால் போனில் கேட்பாள். ஒன்றிரண்டு தடவை, அடித்த பெல்லை அடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். சும்மா விளையாட்டுக்கு. "அப்படியா?" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெளியில் கூரியர்காரர் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை உண்டா, ஒரு குரல் உயர்ந்ததா? அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நாங்கள் நெருக்கமாக இருந்தது அந்தக் கொஞ்ச காலம்தான்.

வேலைக்கு விடுப்புப் போடச் சொல்லவில்லையா என்று கேட்டீர்கள். சொல்லவில்லை. வேலைக்குப் போனால் மனசு மாறும் என்று டாக்டரே சொன்னார். தினமும் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அங்கே போய் அவள் என்ன செய்வாள், எப்படிச் செய்வாள் என்பது எனக்குத் தெரியாது. நான் வார்டுக்குள் காலடி வைத்தவனே இல்லை.

அந்தச் சம்பவம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த பெண். தையல்காரி. பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தானே தைத்த சட்டைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாளாம். என் மனைவிதான் இதைச் சொன்னாள். வயிற்றில் பட்டை கட்டி, மெஷின் துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. எண் நல்ல எண்ணாகத்தான் இருந்தது. ஆனால் மெஷின் எண்ணிக்கொண்டிருந்தது தாயின் துடிப்பை. பிள்ளையின் துடிப்பு உள்ளே தேய்ந்துகொண்டே போயிருக்கிறது. டாக்டர் வேறொரு அறுவைச் சிகிச்சையில் இருந்தார். கூப்பிட்டால் வந்திருப்பார். யாரும் கூப்பிடவில்லை. அவர் வெளியே வந்து பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது, பிள்ளை போய்விட்டது.

காதுக்குழாயை வைத்துப் பார்த்தீர்களா என்று நீங்கள் அவளிடம் கேட்டதற்கு, வைத்தேன் என்றாளாம். என்ன கேட்டது என்றதற்குப் பதில் சொல்லவில்லையாம். அவளைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தீர்கள். அந்தத் தையல்காரியின் புருஷன் எங்கள் வீட்டு வாசல்வரை வந்தான். கத்தவில்லை, கல்லெறியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். என் மனைவி திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்குத் துணையாக மச்சான் வந்து தங்கினார். அங்கேதான் காரியம் கெட்டது. அந்த இரண்டு டைல்களின் மேல் தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்று போட்டிருந்தேன். நான் கடையில் இருந்த நேரம் அவர் சமையலறையைத் துடைக்கிறேன் என்று அதைத் தூக்கியிருக்கிறார். டைல் இடுக்கில் ஈரம் பூத்திருந்தது. கையை வைத்துப் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக டொக்குவைக் கூப்பிட்டுவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வந்தபோது வாசலில் டொக்குவின் வண்டி நின்றது. உள்ளே மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டொக்கு தரையைத் தட்டினார். முன்பு கெட்டியாகச் சத்தம் வந்த தரை இப்போது மத்தளம் மாதிரி அதிர்ந்தது. அடியில் மண் கரைந்து போயிருந்தது. ஹெட்போனைப் போட்டு மைக்கை நகர்த்திக்கொண்டே போனவர், ஒரு இடத்தில் நிறுத்தி, சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் நீட்டினார்.

"நீங்களே கேளுங்கக்கா."

அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பதுபோல் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை. மச்சான்தான் அவள் காதில் மாட்டிவிட்டார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"இதேதான். முதல் நாள்லேருந்து இதேதான்" என்றாள். பிறகு, "அன்னைக்கு உங்களுக்கு ஏன் கேக்கல?" என்று டொக்குவைக் கேட்டாள்.

"அன்னைக்கு லைன்ல தண்ணி இருந்திருக்காதுக்கா. யாராச்சும் வால்வை மூடியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவள் எழுந்தாள். பல மாதங்களாக ஒரு நாற்காலியிலிருந்து எழக்கூட என்னைக் கேட்டவள், தானாக எழுந்து பின்கட்டுக்குப் போனாள். துணி மெஷினை இழுத்து நகர்த்தினாள். அங்கே மூன்று வால்வுகள். இரண்டின் கைப்பிடியில் உப்புப் படிந்து வெள்ளையாக இறுகியிருந்தது. ஒன்று மட்டும் தினமும் துடைத்து வைத்த பூட்டைப்போல் மின்னியது. அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"பாத்தியாண்ணா" என்றாள். மச்சான் என் சட்டையைப் பிடித்தார். அவள்தான் கையை எடுக்கச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தரையை உடைத்தபோது நான் கூடவே நின்றேன். ஓடவில்லை, ஒளியவில்லை. கான்கிரீட்டுக்கு அடியில் ஒரு ஆள் சுருண்டு படுக்கிற அளவுக்குப் பள்ளம். ஒரு கூரான கல்லில் குழாய் உரசி உரசி, குண்டூசித் துளை விழுந்திருந்தது. அதன் வழியே சுடுதண்ணீர் உஸ்ஸென்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. அருகில் குனிந்து கேட்டேன். எனக்கே கேட்டது.

"இனிமே இதை நம்ப முடியாது சார். பழைய லைனை மூடிட்டுப் புதுசா சுவர் வழியா கொண்டுபோயிடலாம்" என்றார் டொக்கு.

"வேண்டாம். அங்கேயே வெட்டி ஒட்டுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். கல் உரசியதற்குக் குழாய் போட்ட வழி என்ன செய்யும்? மண்ணைச் சலித்துப் போடாதது கொத்தனாரின் தவறு. என் யோசனையில் தவறில்லை. பள்ளத்தில் மணலைக் கெட்டித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, அதே நிறத்தில் டைல் தேடிப் பிடித்து ஒட்டினேன். நீங்கள் வந்து பாருங்கள், எந்த இடத்தில் உடைத்தோம் என்று உங்களால் சொல்ல முடியாது.

அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் போனை எடுப்பதில்லை. வருத்தம்தான், ஆனால் அதற்காக நான் எவன் காலிலும் விழப்போவதில்லை. ஒரு வால்வைத் திறந்ததற்கும் மூடியதற்கும் எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை என்று மச்சானே சொல்லட்டும்.

மீதி ஒன்று இருக்கிறது. சம்பவம் நடந்த அன்று மத்தியானம் வார்டு போனிலிருந்து எங்கள் கடைக்கு ஒரு அழைப்பு வந்ததாகச் சொன்னீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள் என்று போன தடவை உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. பின்கட்டில் நின்று அவள் என்னைக் கேட்டதும் அந்த அழைப்பைப் பற்றித்தான். "அன்னைக்கு ஃபோன்ல நான் கேட்டப்போ, என் காது நல்லா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். தெரியும்.

அன்று போனில் அவள் குரல் நடுங்கியது. ரொம்பத் தணிந்த குரலில், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் பேசினாள்.

"என்னங்க, இங்க ஒரு பொண்ணு. மெஷின் நல்லாத்தான் காட்டுது. ஆனா எனக்குக் கேக்குற துடிப்பு வேற. அது அம்மாவோடதுன்னு தோணுது. பிள்ளையோடது அடியில, ரொம்ப மெதுவா, விட்டு விட்டு. ஆபரேஷன்ல இருக்குற டாக்டரைக் கூப்பிடணும். கூப்பிடட்டுமா? இல்ல, இதுவும் அந்தத் தண்ணி மாதிரி எனக்கு மட்டும் கேக்குறதா?"

கடையில் அப்போது ஆட்கள் இருந்தார்கள். நான் கொஞ்சம் யோசித்தேன். உன் காதை நம்பு, போய்க் கூப்பிடு என்று சொல்லியிருந்தால் அவள் கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்டுவிட்டு, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குத்தான் போயிருப்பாள். அதுவும் எனக்குத் தெரிந்தது.

"மெஷின் சொல்றதை நம்பு. நீயா ஒண்ணை நினைச்சுட்டுப் பதறாதே. டாக்டரைத் தொந்தரவு பண்ணாதே. சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"சரிங்க" என்றாள். குரலில் இருந்த நடுக்கம் உடனே நின்றுவிட்டது. அவ்வளவு பயத்திலும் அவள் வேறு யாரையும் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள், நானும் அவளைக் கைவிடவில்லை. மனைவி பதறி நிற்கும்போது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாதவனெல்லாம் ஒரு புருஷனா, மேடம்?